தோள் மாறிய தடம்

மார்ச் 6

மதிப்புக்குரிய டாக்டர் அம்மா அவர்களுக்கு,

தங்கள் கணவரின் ஒரே தங்கை எழுதுவது. இங்கே நலம். அங்கே புது நகரம், பெரிய ஆஸ்பத்திரி, மாற்றலாகிப் போன வேகத்தில் பதவி உயர்வும் வந்திருக்கும். நலத்துக்கு என்ன குறை?

நான் ஏன் போனை எடுப்பதில்லை என்று அண்ணன் செய்திமேல் செய்தி அனுப்புகிறார். அவரிடம் சொல்லுங்கள். போனில் பேசினால் நான் கத்துவேன். தாங்கள் கத்த மாட்டீர்கள். கடைசியில் கத்தினவள் மேல்தான் தப்பு என்று முடியும். தாங்கள் அண்ணியாக வந்த நாளிலிருந்து இந்த வீட்டு வழக்கம் அது. சும்மாவா எனக்கு ‘ஹாரன்’ என்று பெயர் வைத்தீர்கள் இரண்டு பேரும்? ஆகவே என் மனக்குறையை இனி எழுத்தில் பெற்றுக்கொள்ளவும்.

போன மாதம் நடந்தது என்ன? டிரைவிங் ஸ்கூல் காரை எடுத்துக்கொண்டு போனேன். மைதானச் சுவரில் மோதினேன். ஸ்டியரிங் நெஞ்சில் இடித்தது. எலும்பு உடைந்ததா? ரத்தம் வந்ததா? என் காலால் நடந்துதான் உங்கள் அவசரப் பிரிவுக்குள் வந்தேன். வலிக்கு ஒரு மாத்திரை கொடுத்திருந்தால் கதை முடிந்தது. தாங்கள் என்ன செய்தீர்கள்? “படு” என்றீர்கள். நெஞ்சு முழுக்க வயரை ஒட்டினீர்கள். தலைமாட்டில் பீப் பீப் என்று ஒரு பெட்டியை வைத்தீர்கள். “நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது” என்றீர்கள்.

மறுநாள் காலையில் எனக்கு நேர்முகம் என்று தங்களுக்குத் தெரியாதா? தலைமைப் பயிற்சியாளர் பதவி. எத்தனை வருஷமாகக் காத்திருந்தேன்! நான் கட்டிலில் வயரோடு கிடக்க, பதவி யாருக்குப் போயிற்று தெரியுமா? சோடாபுட்டிக்கு. எதிரே லாரி வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற மனுஷன். இனி அவர் எனக்குப் பாடத்திட்டம் போட்டுத் தருவாராம்.

கடைசியில் ஸ்கேன் எடுத்து, “ஒண்ணுமில்ல, நல்லா இருக்கே, போ” என்றீர்கள். ஒன்றுமில்லை என்பதைத்தான் நான் முதலிலேயே சொன்னேனே!

இப்படிக்கு,
தங்கள் கணவரின் தங்கை


மார்ச் 11

அன்புள்ள ஹாரன்,

‘தாங்கள்’, ‘அவர்கள்’ எல்லாம் படித்து உன் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். நான் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று தெரிந்துதானே என்னைக் கட்டிக்கொண்டார், படட்டும்.

உன் பதவி போனதற்கு மனசார வருந்துகிறேன். உன்னைப் படுக்க வைத்ததற்கு வருந்தவில்லை. இரண்டையும் கலக்காதே.

நெஞ்செலும்புக்கு நேர் பின்னால், இடைவெளியே இல்லாமல் ஒட்டினாற்போல் இருப்பது இதயம். ஸ்டியரிங் வேகமாக இடித்தால் எலும்பு உள்ளே அமுங்கித் திரும்பி வந்துவிடும். உடையவே வேண்டியதில்லை. இடையில் நசுங்குவது இதயம். தோல் கிழியாத பழம் உள்ளுக்குள் கன்றிப்போயிருக்கும் இல்லையா, அதுபோலத்தான். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சிலருக்கு முதல் ஒரு நாளுக்குள் துடிப்பு தாறுமாறாகி, பேசிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிடுவார்கள். அந்தச் சிலர் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது. நடந்து வந்தவர்களும் உண்டு அதில். மாத்திரை கொடுத்தால் போதும் என்று சண்டை போட்டவர்களும் உண்டு.

உன் ஈசிஜி சுத்தமாக இருந்து, ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்திருந்தால் அன்றே அனுப்பியிருப்பேன். உன் ஈசிஜியில் நடுநடுவே ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்தது, வரிசையில் நிற்காமல் குறுக்கே புகுகிற ஆள் மாதிரி. அதைப் பார்த்துவிட்டு எப்படி வீட்டுக்கு அனுப்புவேன்? ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் அது நல்ல செய்தி. நல்ல செய்தி சொன்னதற்காக ஒருத்தி திட்டு வாங்குவது நம் குடும்பத்தில்தான் நடக்கும்.

ஒரே ஒரு சந்தேகம். உன் மேல் பெல்ட் அழுத்திய தடம் சிவந்து இருந்ததே, அது இடது தோளிலிருந்து கீழே இறங்கியிருந்தது. குறிப்பேட்டில் அப்படித்தான் படம் போட்டு வைத்தேன். நம் ஊர்க் கார்களில் ஓட்டுபவர் வலது பக்கம் உட்காருகிறார். பெல்ட் வலது தோளிலிருந்துதான் வரும். நான்தான் பதற்றத்தில் மாற்றி வரைந்துவிட்டேனா?

உன்,
அண்ணி


மார்ச் 20

அண்ணி அவர்களுக்கு,

இதயம் எங்கே இருக்கிறது என்று பாடம் நடத்தியதற்கு நன்றி. எனக்கு அப்படி ஒன்று இருப்பதை ஒத்துக்கொண்டீர்களே, அதுவே போதும்.

தோள் விஷயம். இடதோ வலதோ, இரண்டும் என்னுடையவைதான். வண்டி மோதின அதிர்ச்சியில் யார் எந்தத் தோள் என்று பார்த்தார்கள்? அதை விடுங்கள்.

என் கஷ்டத்தைக் கேளுங்கள். சோடாபுட்டி போட்ட பாடத்திட்டப்படி, தேறாத கேஸ்கள் எல்லாம் என் தலையில். அதில் முதல் கேஸ் எங்கள் பேக்கரிக்காரர். வருஷத் தொடக்கத்திலிருந்து கற்றுக்கொள்கிறார். ரொட்டி கொண்டுபோய்க் கொடுக்க ஒரு சின்ன வேன் வாங்கி வைத்திருக்கிறார், அதை ஓட்ட வேண்டுமாம். ஆள் மலை மாதிரி. தனிக்கட்டை. முன்பெல்லாம் மாவு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு மாடிப்படி ஏறுவார். இப்போது பாருங்கள், சாலை விதி வகுப்புக்கு எங்கள் மாடிக்கு ஏறி வருவதற்குள் இரண்டு தடவை படியில் உட்காருகிறார். “டீச்சர், ஒரு நிமிஷம்” என்கிறார். ஒரு நிமிஷம் எங்கே, வகுப்பே முடிந்துவிடும்.

உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிடுகிறார், கால் வீங்கி வார் இறுக்குகிறதாம். சட்டைக் காலரைத் திறந்து விட்டுக்கொண்டு, “கழுத்துல ஏதோ குதிக்குது டீச்சர், பாருங்க” என்று காட்டுகிறார். நிஜமாகவே ஒரு நரம்பு குதிக்கிறது. பயமுறுத்துகிற வித்தை எல்லாம் கற்று வைத்திருக்கிறார். எல்லாம் எதற்கு? ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிவிடுவேன் என்ற பயம். நானும் விடுவதாக இல்லை.

இன்னொரு கூத்து. தினமும் எங்களுக்கு ஒரு பை நிறைய பன் கொண்டுவந்து வைக்கிறார். அவர் பாதி பன் தின்றதும், வயிறு முட்டிவிட்டது என்று தள்ளிவிடுகிறார். தான் சுட்டதைத் தானே தின்னாத பேக்கரிக்காரரை எங்கே பார்த்திருக்கிறீர்கள்? நான் அதையெல்லாம் கவனிக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எதிரே உட்கார்ந்திருக்கிற ஆள், கண்ணில் படுகிறார், அவ்வளவுதான்.

கோபம் இன்னும் போகவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஹாரன்


மார்ச் 24

ஹாரன்,

உன் கடிதம் இன்று காலை வந்தது. டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். டீ அப்படியே இருக்கிறது.

உன் அண்ணனை எழுப்பி, உன் டிரைவிங் ஸ்கூல் அலுவலக நம்பருக்கே போன் போடச் சொல்லிவிட்டேன். இதை நீ படிப்பதற்குள் அவர் பேசியிருப்பார். “பேக்கரிக்காரரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ” என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியாது. ஏன் என்று நீ கேட்பாய். அதற்குத்தான் இந்தக் கடிதம், கூரியரில்.

நேராகக் கேட்கிறேன். அன்றைக்குக் காரை ஓட்டியது யார்?

நான் படத்தை மாற்றி வரையவில்லை. பெல்ட் உன் இடது தோளில்தான் இருந்தது. நீ உட்கார்ந்திருந்தது கற்றுக்கொடுப்பவர் இருக்கையில். ஸ்டியரிங் இடித்தது வேறு யாரையோ. “யார் கூட வந்தாங்க?” என்று கேட்டதற்கு “வழியில போன புண்ணியவான்” என்றாய். அந்தப் புண்ணியவானை நான் பார்த்தேன். உன் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முழங்கை வரை மாவு. மலை மாதிரி ஆள். ஒரு கையால் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார். உன்னை நினைத்துக் கவலைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன். நர்ஸ் பெயர் கேட்கப் போனபோது ஆள் இல்லை.

நீ எழுதியிருப்பதை எல்லாம் சேர்த்துப் பார். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கால் வீங்குகிறது. பாதி பன்னில் வயிறு முட்டுகிறது. கழுத்து நரம்பு குதிக்கிறது. அது வித்தை இல்லையடி. இதயத்தின் வலது பக்கத்தில் ஒரு வால்வு இருக்கிறது, ரத்தத்தை முன்னால் மட்டும் விடுகிற கதவு. மெல்லிய நார்கள் அதை இழுத்துப் பிடித்திருக்கும். குடைத்துணியைக் கம்பியோடு கட்டியிருக்கிற நூல் அறுந்தால் துணி மேல்பக்கம் திரும்பிக்கொள்ளும் பார், நெஞ்சில் விழுகிற இடி அந்த நார்களை அறுத்தால் கதவும் அப்படித்தான் திரும்பும். ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் பின்னாலேயே அடிக்கும். கழுத்தில் குதிப்பது அதுதான். அடிபட்ட அன்றைக்கு ஒன்றும் தெரியாமல், மெல்ல மெல்லத்தான் இது தெரியவரும்.

பார்க்காமல் சொல்கிறேன், தப்பாகவும் இருக்கலாம். தப்பாக இருந்தால் என்னை ஆயுசுக்கும் திட்டு. அங்கே என் இடத்துக்கு வந்திருக்கிற சின்ன டாக்டரிடம் போ. “மார்ல ஸ்டியரிங் இடிச்சுது, இதயத்துக்கு ஸ்கேன் எடுங்க” என்று இந்த வார்த்தைகளையே சொல். இடித்ததைச் சொல்லாவிட்டால் யாருக்கும் தோன்றாது.

அவரைப் படியேற விடாதே. பதில் எழுதிக்கொண்டு உட்காராதே. போ.

அண்ணி


மார்ச் 27

அண்ணி,

நீங்கள் சொன்னது தப்பில்லை.

அண்ணன் போன் செய்தபோது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. “பேக்கரிக்காரர உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. அன்னைக்கு யாரு ஓட்டினதுன்னும் உங்க அண்ணி கேக்கச் சொன்னா” என்றார். ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். சோடாபுட்டி எதிரே உட்கார்ந்திருக்கிறார். பேக்கரிக்காரர் படியில் உட்கார்ந்திருக்கிறார்.

அவர்தான் ஓட்டினார். அப்போது பழகுநர் உரிமம் இன்னும் அவர் கைக்கு வந்திருக்கவில்லை. “மைதானத்துல ஒரே ஒரு சுத்து டீச்சர்” என்று கேட்டார். உரிமம் வராதவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்தால் வேலை போய்விடும் என்பது முதலாளியம்மாவின் சட்டம். மறுநாள் நேர்முகம் வேறு. இருந்தும் கொடுத்தேன். பெல்ட் வயிற்றை அழுத்துகிறது என்று கழற்றினார், அதையும் விட்டேன். மற்றவர்களாக இருந்தால் வண்டியை விட்டே இறக்கியிருப்பேன். நான் என் பக்கத்துப் பிரேக்கை மிதிக்க, அவர் பயத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்க, சுவர் வந்துவிட்டது. நான்தான் ஓட்டினேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நீங்கள் “ஸ்டியரிங் இடிச்சுதா?” என்று கேட்டபோது வேறு வழியில்லாமல் ஆமாம் என்றேன். அந்த ஆமாமுக்குத்தான் நீங்கள் வயரை ஒட்டினீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, சோற்றைக் குறை சொல்லிக் கடிதம் எழுதியவள் நான்.

சரி, நடந்ததைக் கேளுங்கள். ஆஸ்பத்திரி என்றதுமே அவர், “வெறும் வாயுங்க டீச்சர், சுக்குத் தண்ணி குடிச்சா போயிடும்” என்று எழுந்துவிட்டார். அவரைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? கிரேன் வேண்டும். “இன்னைக்கு ரிவர்ஸ் பாடம். நான் ஓட்டிக் காட்டுறேன், நீங்க பக்கத்துல உக்காந்து பாருங்க, போதும்” என்றேன். தான் ஓட்ட வேண்டாம் என்றதும் முகம் மலர்ந்து ஏறிக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் அவசர ஊர்திகளுக்கு நடுவே அழகாக ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினேன். “பாத்தீங்களா? இப்ப இறங்குங்க” என்றேன். சக்கர நாற்காலியோடு இரண்டு பேர் காத்திருந்தார்கள். அண்ணன் அவர்களுக்கும் போன் போட்டிருக்கிறார்!

சின்ன டாக்டர் காதில் குழாயை மாட்டி நெஞ்சில் வைத்ததும் ஸ்கேன் அறைக்குப் போன் போட்டார். ஸ்கேனில் எனக்கும் காட்டினார். நீங்கள் சொன்ன குடைத்துணி அப்படியே படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. உங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றார்.

பேக்கரிக்காரர் வண்டியில் ஏற மாட்டேன் என்றார். “மாவு பிசைஞ்சு வெச்சிருக்கேன். அடுப்ப அணைச்சா நான் வரல” என்று ஒரே பிடிவாதம். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் ஏறினார். இப்போது பேக்கரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே பொட்டலம் கட்டுகிற அக்கா ஒருத்தர் இருக்கிறார். நான் மாவைத் தொடும்போதெல்லாம் கடவுளைக் கூப்பிடுகிறார்.

அவரைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு யாரையும் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ஹாரன்


மார்ச் 31

அன்புள்ள ஹாரன்,

உன் பேக்கரிக்காரர் பத்திரமாக வந்து சேர்ந்தார். சந்தேகமே இல்லை, இரண்டு நார் அறுந்திருக்கிறது. வால்வை மாற்ற வேண்டியதில்லை, அதையே தைத்துச் சரிசெய்துவிடலாம் என்கிறார் அறுவை மருத்துவர். இன்னும் ஆறு மாதம் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியிருந்தால், தைத்தும் பயனில்லாத அளவுக்கு இதயத்தின் வலது பக்கம் தொய்ந்திருக்குமாம். ஏப்ரல் ஐந்தாம் தேதி அறுவை சிகிச்சை.

அது சின்ன விஷயமில்லை. நெஞ்சைத் திறக்கிற வேலை. ஒன்றும் ஆகாது என்று உனக்கு எழுதித் தர மாட்டேன். நல்ல கை, நல்ல நேரத்தில் வந்திருக்கிறார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அடுத்து அவர் சொல்லச் சொன்னவை. அடுப்புக் கதவை அடிக்கடி திறந்து பார்க்காதே. ஈஸ்டை வெந்நீரில் கொட்டாதே, வெதுவெதுப்பான நீர் போதும். மாவை அடிக்கக் கூடாது, மடிக்க வேண்டும். “டீச்சருக்குக் கோவம் வந்தா மாவு மேல காட்ட வேணாம்னு சொல்லுங்க” என்றார்.

அடுத்தது அவர் சொல்ல வேண்டாம் என்றது. சொல்லிவிடுவதுதான் சரி என்று படுகிறது. முதல் வாரமே மார்பில் கருநீலமாகக் கன்றியிருந்ததாம், படுத்தால் மூச்சு முட்டியதாம். “ஏங்க டாக்டர்கிட்ட காட்டல?” என்று கோபமாகவே கேட்டேன். போர்வையை நீவிவிட்டுக்கொண்டார். “எப்படி அடிபட்டுச்சுன்னு கேப்பாங்களேம்மா. எனக்குப் பொய் சொல்ல வராது. உண்மையச் சொன்னா டீச்சர் வேலை போயிடும். ஏற்கெனவே என்னால பெரிய வேலை போச்சு. இருக்கிறதும் போகணுமா?” என்றார்.

உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. அவர் எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான்.

எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. அன்றைக்கு உன் நெஞ்சில் வயரை இரண்டு தடவை தப்பான இடத்தில் ஒட்டிவிட்டுப் பிய்த்தேன். நீ கத்திக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. எவ்வளவோ பேரைப் பார்க்கிறேன், நீ உள்ளே நடந்து வந்தபோது என்ன செய்வதென்றே ஒரு கணம் தெரியவில்லை. அதனால்தான் அத்தனை அதட்டல். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். உன் ஈசிஜியில் அது முந்தி முந்தித் துடித்ததற்குக் காரணம் இப்போதுதான் புரிகிறது என்று உன் அண்ணன் சொல்கிறார். மருத்துவப்படி அது தப்பு. ஆனாலும் சிரித்துவிட்டேன்.

உன்,
அண்ணி


ஏப்ரல் 4

அண்ணி,

உங்கள் கடிதத்தை அடுப்பு முன்னால் நின்று படித்தேன். ஒரு தட்டு ரொட்டி கருகிவிட்டது. பொட்டலக்கார அக்கா திட்ட வாயெடுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான் போலிருக்கிறது. நீங்கள் என்னைப் படுக்க வைத்தீர்களே, அது அவர் படுத்திருக்க வேண்டிய கட்டில். அந்த வயர், அந்தப் பீப் பெட்டி, அந்த ஸ்கேன் எல்லாம் அவருக்கானவை. நான் அதில் ஆரோக்கியமாகப் படுத்துக்கொண்டு பதவி போச்சே என்று அழுதேன். அவர் என் கைப்பையை வேறொரு நர்ஸிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தே போயிருக்கிறார், நெஞ்சுக்குள் அறுந்த நாரோடு.

நேற்று முதலாளியம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தாமல் சொன்னேன், நம்புங்கள். அவர் என் பயிற்சியாளர் அட்டையை வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டார். “மூணு மாசம் இந்தப் பக்கம் வராதே. அப்புறம் பாக்கலாம்” என்றார். சரி என்று எழுந்தேன். வெளியே வந்தால் சோடாபுட்டி நிற்கிறார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “உங்க ஆளுங்கள நான் பாத்துக்கறேன். நீங்க திரும்பி வந்ததும் ஒப்படைச்சிடறேன். அந்த பேக்கரிக்காரர் மட்டும் வேணாம், அவர் உங்ககிட்டயே கத்துக்கட்டும்” என்றார். நல்ல மனுஷன். நான்தான் இத்தனை நாள் அவர் கண்ணாடியை மட்டும் பார்த்திருக்கிறேன்.

ரொட்டி நிலவரம். முதல் நாள் சுட்டதை வைத்து ஆணி அடிக்கலாம். இரண்டாம் நாள் பரவாயில்லை, பல் உள்ளவர்கள் தின்றார்கள். ஈஸ்ட் கொதிநீரில் செத்துப்போகும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நேற்றைய பன் மட்டும் உப்பி வந்தது. வாங்கிப்போன பள்ளிக்கூட வாத்தியார் திரும்பி வந்து இன்னும் ஒன்று கேட்டார். கூரியரில்தான் அனுப்புகிறேன், அவரிடம் இதைச் சொல்லுங்கள். கருகினதைச் சொல்லாதீர்கள்.

நாளைக்கு அறுவை சிகிச்சை. என்னால் எதுவும் முடியவில்லை. மாவை மடித்துக்கொண்டே இருக்கிறேன். பயமாக இருக்கிறது அண்ணி. சத்தம் போட்டால் போய்விடுகிற பயமாக இல்லை.

ஹாரன்


ஏப்ரல் 7

என் ஹாரன்,

உன் அண்ணன் போனில் சொல்லியிருப்பார். நானும் சொல்கிறேன், எழுத்தில் பெற்றுக்கொள். நன்றாக முடிந்தது. அறுந்த நார்களுக்குப் பதில் நூல் போட்டுத் தைத்து, வால்வைச் சுற்றி ஒரு வளையம் வைத்திருக்கிறார்கள். நான் உள்ளேதான் நின்றிருந்தேன். நிறுத்தி வைத்திருந்த இதயம் திரும்பத் துடிக்கத் தொடங்கியதும் முதல் ஒன்றிரண்டு துடிப்பு தயங்கித் தயங்கி வந்தது. பிறகு ஒழுங்காக ஓடியது. ஸ்கேனில் கதவு மூடுவதைப் பார்த்தோம். ஒரு துளி பின்னால் வரவில்லை.

மூச்சு விட வாயில் போட்டிருந்த குழாயை எடுத்ததும் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் திரும்பினேன். “அடுப்பு எரியுதா?” என்றார். “எரியுது, பன் உப்பி வந்துச்சாம்” என்றேன். தையல் வலியிலும் சிரிக்கப் பார்த்தார். நான் அதட்டினேன், உனக்குப் பிறகு அதட்ட ஒரு ஆள் கிடைத்திருக்கிறார்.

இன்று காலை நாற்காலியில் உட்கார வைத்தோம். கழுத்தில் குதித்தது நின்றுவிட்டது. நர்ஸ், “வீட்டுக்கு அனுப்பும்போது யாரு வந்து கூட்டிட்டுப் போவாங்க?” என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். “யாரும் வர வேணாம், நான் பஸ் பிடிச்சுப் போயிடுவேன்” என்றார். புதிதாகத் தைத்த நெஞ்சோடு பஸ்ஸில்! உனக்கு எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

உன்,
அண்ணி


ஏப்ரல் 10

அண்ணி,

பஸ்ஸா? அந்த மனுஷனுக்கு நெஞ்சைத் தைத்தவர்கள் புத்தியையும் கொஞ்சம் தைத்து அனுப்பியிருக்கலாம்.

நான் வருகிறேன். நாளை மறுநாள் காலை ரயில். இதையும் கூரியரில்தான் போடுகிறேன், எனக்கு முன்னால் வந்துவிடும். பேக்கரிக்கு இரண்டு நாள் விடுமுறை என்று பலகை எழுதி மாட்டினேன், பொட்டலக்கார அக்கா அதைக் கழற்றி வைத்துவிட்டு, “நீ போம்மா, நீ இல்லாட்டிதான் ரொட்டி நல்லா வரும்” என்றார். பேக்கரிக்காரர் திரும்பி வரும்போது தயாராக இருக்கட்டும் என்று அவருடைய அந்தப் புது வேனைக் கழுவி, சீட்டைப் பின்னால் தள்ளிவைத்து, அவர் வயிற்றுக்கு எட்டுகிற மாதிரி நீளமான பெல்ட் மாட்டக் கொடுத்திருக்கிறேன்.

அவரிடம் நிறையச் சொல்ல வேண்டும். மன்னிப்பு கேட்க வேண்டும். எனக்காக வலியைப் பொறுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்ததற்குத் திட்ட வேண்டும். இனி அப்படிச் செய்தால் தொலைத்துவிடுவேன் என்று சொல்ல வேண்டும். இனி என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவர் கேட்பார். அதற்கும் பதில் வைத்திருக்கிறேன். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று அண்ணன் சிரித்தால், அவரை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் வரும்போது வார்டில் நீங்கள் இருங்கள். நான் கத்தினால் தடுக்க வேண்டாம், அவருக்கு என் சத்தம் பழக்கம்தான். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் குரலே வராமல் போய்விட்டால் மட்டும், பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஹாரன்